ஊருக்குப் போய்ப் பிந்திய மணிக்கூடு

2003 கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அப்பா கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு ஊசல் மணிக்கூட்டைப் பொதி செய்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டில் பல வருடங்கள் பிசகாமல் ஓடிய மணிக்கூடு அது. அம்மம்மா வீட்டுச் சுவரில் மாட்டியதும் நாளுக்கு 2 நிமிடம் பிந்தத் தொடங்கியது. சந்தியில் இருந்த மணிக்கூடு திருத்துபவர் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தார். பிறகும் பிந்தியது. "காசை வாங்கிப்போட்டு ஒண்டும் செய்யேல்லை" என்று அம்மம்மா அவரை ஏசினார்.

பொறியியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது: மணிக்கூட்டிலும் பிழையில்லை, அந்த மனிதரிலும் பிழையில்லை.

ஒரு ஊசல் சிறிதாக ஆடும்போது, ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தை இரண்டு விடயங்கள்தான் தீர்மானிக்கின்றன: அதன் நீளமும் அந்த இடத்தின் ஈர்ப்பும். குண்டைப் பாரமாக்கினாலும் நேரம் மாறாது. நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஈர்ப்பு குறைந்தாலும் மெதுவாகும். பூமி சுழல்வதால் நடுப்பகுதியில் சற்றுப் புடைத்திருக்கிறது. மத்தியகோட்டில் அதன் ஆரை துருவத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீற்றர் அதிகம். இந்தப் புடைப்பும் சுழற்சியும் சேர்ந்து அங்கே ஈர்ப்பைக் குறைக்கின்றன. கார்ல்ஸ்ரூஹேயில் அது 9.81, யாழ்ப்பாணத்தில் 9.78. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் வரும். ஊர் வெக்கையில் உலோகத் தண்டு நீள்வதால் இன்னும் சில செக்கன்கள் சேரலாம்.

இதே சிக்கல் 1672-இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளருக்கும் வந்தது. பாரிசில் சரிசெய்த மணிக்கூடு, மத்தியகோட்டுக்கு அருகிலுள்ள கயென் நகரில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. வெப்பம்தான் காரணமோ என்ற கேள்வியும் எழுந்தது. 1687-இல் நியூட்டன், பூமி முழு உருண்டை அல்ல என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார்.

எங்கள் பக்கத்திலும் ஊசல் ஆடியிருக்கிறது. 1821-இல் சென்னை வானாய்வகத்தில் ஜோன் கோல்டிங்காம், ஒரு பக்கம் ஆட சரியாக ஒரு செக்கன் எடுக்கும் ஊசலின் நீளத்தை அளந்தார். லண்டனில் அளந்ததைவிட அது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் குறைவு. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டுடன் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது.

1865-இல் இந்திய நில அளவையைச் சேர்ந்த ஜேம்ஸ் பலாடியோ பசேவி இன்னும் பெரிய வேலையைத் தொடங்கினார். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை வரை, இடம் இடமாக ஒரே ஊசல்களைக் கொண்டுபோய், காற்று அகற்றிய கலத்துக்குள் ஆடவிட்டு எண்ணினார். கடைசியாக லடாக்கின் மோரே சமவெளி, 15,000 அடிக்கு மேல். அங்கேயே 1871 ஜூலை 17-இல், 39 வயதில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற எண்கள் ஒரு புதிருக்கு உதவின. உயரத்தையும் மலையின் பாரத்தையும் கணக்கில் எடுத்த பிறகும், ஊசல் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே ஆடியது. இமயமலைக்குக் கீழே நிலத்தின் அடர்த்தி குறைவு என்பதே அதன் பொருள். மண்ணைத் தோண்டாமலே, ஆட்டத்தை எண்ணி அவர்கள் அறிந்தது அது.

சில வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோது, அம்மம்மாவின் மணிக்கூட்டைக் கழற்றி, ஊசல் குண்டின் கீழே இருக்கும் சின்னத் திருகை இறுக்கிக் குண்டை உயர்த்தினேன். கால் மீற்றர் ஊசலுக்கு ஒரு மில்லிமீற்றர்கூடத் தேவைப்படவில்லை. மணிக்கூடு சரியாக ஓடியது.

சந்திக்குப் போய் அந்தத் திருத்துபவரைத் தேடினேன். கடை இல்லை. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.