பெயர்ப்பலகை இல்லாத வேர்கள்

இலங்கையின் கண்டி மாநகருக்கு அருகே, மகாவலி ஆறு மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது பேராதனைத் தாவரவியல் பூங்கா. கண்டி மன்னர் காலத்தில் அரச தோட்டமாக விளங்கிய இவ்விடத்தில், 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்னும் தாவரவியலார் இப்பூங்காவைத் தோற்றுவித்தார். களுத்துறையில் இருந்த அரசுத் தோட்டத்துச் செடிகள் இங்குக் கொணர்ந்து நடப்பட்டன.

அணிவகுத்து நிற்கும் ராஜபனைச் சாலை, குடை விரித்தாற்போல் கிளை பரப்பிய ஜாவா அத்தி, உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தரும் சீசெல்சு நாட்டு இரட்டைத் தேங்காய் மரம் எனக் கண்ணைக் கவர்வன பல. பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் தம் துணைவியாருடன் 1901 இல் நட்ட நாகலிங்க மரத்தையும் காணலாம். அரச விருந்தினர் நட்ட இத்தகைய மரங்கள் அவர்தம் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இப்பூங்காவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எப்பயிர் இம்மண்ணில் பொருள் ஈட்டித் தரும் எனச் சோதிக்கும் நாற்றங்காலாகவே ஆங்கில அரசு இதனைப் பேணிற்று. 1839 இல் அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாவிலிருந்து இங்கு வந்தன. ஆனால் அன்று மலைநாட்டில் கோலோச்சியது காப்பியே. 1869 இல் காப்பி இலைகளைத் துரு நோய் பற்றியது. பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி ஆராயச் செய்தார். எனினும், அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அவற்றின் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றம் நம் மக்களின் வாழ்வையே திசை திருப்பிற்று. காப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்கள் மட்டுமே ஆட்கள் தேவை. எனவே தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழி நடந்து சென்றோரில், நோய்க்கும் பசிக்கும் பலியானோர் போக எஞ்சியவர்கள் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பத்துடன் லயன் அறைகளில் நிலைத்துவிட்டனர். மலைகளைச் செல்வமாக்கிய அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 இல்தான் சட்டம் வழி திறந்தது.

ஒரு மரக்கன்றை நட்டவர் பெயரை நூறாண்டு கடந்தும் பலகை காத்து நிற்கிறது. மலை மலையாகத் தேயிலை நட்ட கைகளுக்கோ பலகை ஏதுமில்லை. பேராதனைக்குச் செல்வோர் மலர்களைக் கண்டு மகிழட்டும். சுற்றியுள்ள மலைகளை நோக்கும்போது அக்கைகளையும் நன்றியோடு நினைக்கட்டும்.