நாற்சக்கர இயக்க ஊர்தி பராமரிப்பு (தூத்துக்குடி கடலோரம்)

நாற்சக்கர இயக்க ஊர்தி எனப்படுவது பொறியின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தி, சாலையில்லாத நிலத்திலும் செல்லவல்ல தானுந்து ஆகும். தயாரிப்பாளர் யாராயினும் தமிழ்நாட்டில் இவ்வகை ஊர்தி பொதுவாக ஜீப் என்றே அழைக்கப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரத்தில், குறிப்பாகச் சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வட்டாரத்தில், இவ்வூர்தியைப் புதிதாக வாங்குவோர் அறிய வேண்டிய அடிப்படைப் பராமரிப்பையும் துணைக்கருவிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு ஊர்தியின் ஆயுளைக் குறைப்பது மேடுபள்ளங்களைக் காட்டிலும் உப்பே ஆகும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் பெருமளவில் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பே இவ்வகை ஊர்திகளுக்கு முன்னோடி. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. மாருதி ஜிப்சி 1985 இலும், மகிந்திரா தார் 2010 இலும், அதன் முற்றிலும் மாற்றப்பட்ட வடிவம் 2020 இலும், ஐந்து கதவு மாருதி ஜிம்னி 2023 இலும் விற்பனைக்கு வந்தன. பழைய ஜீப்பின் தகடும் சட்டகமும் தடிமனானவை. பட்டறையில் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளலாம். இன்றைய ஊர்திகளில் மின்னணு உணரிகளும் கம்பியிணைப்புகளும் மிகுதி. எனவே துருவும் உப்பும் இவற்றில் வேறு வகையான, கூடுதல் செலவு வைக்கும் பழுதுகளை உண்டாக்குகின்றன.

உப்பும் துருவும்

சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலையைச் சுற்றி ஆறுமுகநேரி வரையும், அதற்கு வடக்கே தூத்துக்குடி வரையும் உப்பளங்கள் பரவியுள்ளன. கடல்நீரில் உப்பின் அளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. பாத்திகளில் உள்ள நீர் அதனினும் பன்மடங்கு செறிவானது. பாத்தி வரப்பை ஒட்டிய மண்பாதையில் ஒரு முறை சென்று வந்தாலே சட்டகத்தின் உட்புறத்திலும், வில்பட்டைகளின் இடுக்கிலும், சக்கர வளைவுகளிலும் உப்புச்சேறு படிந்துவிடும்.

காய்ந்த உப்பு தீங்கற்றது என்று பலர் கருதுவது தவறு. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் தானே நீரை ஈர்த்துக் கரைசலாகும். உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் நீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். கடற்காற்று வீசும் இரவுகளில், நிறுத்தி வைத்த ஊர்தியின் அடியிலும் அரிப்பு தொடர்வதற்கு இதுவே காரணம். மழை பெய்யாத மாதங்களில் துருப்பிடிக்காது என்று இருந்துவிட முடியாது.

ஆகவே உப்பள வழியிலோ கடற்கரை மணலிலோ சென்று வந்த அன்றே ஊர்தியின் அடிப்பகுதியைக் கழுவுவது முதல் கடமை ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இவ்வட்டாரத்தின் பல ஆழ்குழாய்க் கிணறுகளில் கிடைப்பது உவர்நீர். அந்நீரால் கழுவினால் சேறு போகும், உப்பு போகாது. மேற்கூரையைப் பளபளப்பாக்குவதைவிட, கிடைக்கும் நல்ல தண்ணீரில் இரண்டு குடத்தை அடிப்பகுதிக்கு ஒதுக்குவது பயனுள்ளது. கழுவும்போது கதவுகளின் அடிவிளிம்பிலும் சட்டகத்திலும் உள்ள வடிதுளைகள் அடைபட்டுள்ளனவா எனப் பார்த்துக் குச்சியால் நீக்க வேண்டும். துருப்பிடித்த ஊர்திகளில் பெரும்பாலும் துரு தொடங்கும் இடம் அதுவே. கால்மிதியின் அடியில் உள்ள விரிப்பையும் மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்த வேண்டும்.

அடிப்பூச்சு இரு வகைப்படும். தார் அல்லது ரப்பர் கலந்த கெட்டியான பூச்சு கல்லடியைத் தாங்கும். ஆனால் அதில் வெடிப்பு விழுந்தால் உப்புநீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். மெழுகு அல்லது கம்பளிக்கொழுப்பு சார்ந்த பூச்சு மென்மையானது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், எனினும் இடுக்குகளில் ஊடுருவும். கடலோரத்திற்குப் பின்னதே ஏற்றது. எதுவாயினும் ஊர்தி புதிதாக, உப்புப் படாமல் உலர்ந்திருக்கும்போதே பூச வேண்டும். உப்பின் மேல் பூசுவது உப்பைப் பொதிந்து வைப்பதற்கு ஒப்பாகும். தடைத்தட்டு, புகைபோக்கி, ரப்பர் உறை ஆகியவற்றில் பூச்சு படக்கூடாது.

பேட்டரி முனைகளிலும், சட்டகத்துடன் இணையும் தரைக்கம்பியின் முனையிலும் வாசலின் தடவலாம். விளக்குகள் மங்குவது, காரணமின்றி எச்சரிக்கை விளக்கு எரிவது போன்ற பழுதுகளுக்குப் பலமுறை இந்தத் தரைக்கம்பியின் அரிப்பே காரணமாக அமைகிறது.

எண்ணெய்களும் வடிகட்டிகளும்

எண்ணெய் மாற்றும் இடைவெளி ஊர்திக்கு ஊர்தி வேறுபடும். உரிமையாளர் கையேட்டில் கடினப் பயன்பாடு என்ற தலைப்பில் தரப்பட்ட குறைந்த இடைவெளியையே இப்பகுதியினர் கொள்ள வேண்டும். பொறி எண்ணெயுடன் கியர் பெட்டி, நாற்சக்கர இயக்கத்துக்கான பகிர்வுப் பெட்டி, முன் பின் அச்சுகளின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் எண்ணெயையும் பார்ப்பது அவசியம். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள்; உடனே மாற்ற வேண்டும். சுழல்தண்டின் இணைப்புகளில் கிரீஸ் முனைகள் உள்ள ஊர்திகளில், ஒவ்வொரு முறை நீரில் இறங்கி எழுந்தபின்பும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதிய கிரீஸ் ஏற்ற வேண்டும். தடை எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது.

சாலையில் மட்டுமே ஓடும் ஊர்தியாயினும் மாதம் ஒருமுறை, மண்தரையில், நாற்சக்கர இயக்கத்தில் சில கிலோமீட்டர் ஓட்டினால் பகிர்வுப் பெட்டியின் உறுப்புகளில் எண்ணெய் படரும். உலர்ந்த தார்ச்சாலையில் அவ்வாறு ஓட்டக்கூடாது. பகுதிநேர வகை ஊர்திகளில் முன் பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்படுவதால், திருப்பங்களில் பற்சக்கரங்கள் முறுக்குண்டு சேதமடையும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் ஊர்திகளில் புகைக்கரி வடிகட்டி உண்டு. உப்பளத்திற்கும் வீட்டிற்கும் இடையே மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஊர்தியில் இது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை திருச்செந்தூர்–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது இதற்குத் தீர்வு.

தேரி மணல்

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியை அடுத்துள்ள குதிரைமொழித் தேரி, இரும்பு ஆக்சைடால் சிவந்த நுண்மணல் மேடுகளால் ஆனது. தேரிப்பகுதிகளில் காப்புக்காடுகள் உள்ளதால் வனத்துறையின் இசைவின்றி உள்ளே செல்லலாகாது. கோயில்களுக்கும் பனந்தோப்புகளுக்கும் செல்லும் மண்பாதைகளிலேயே மணலின் இயல்பை அறிந்துகொள்ளலாம்.

மணலில் புதைவதைத் தவிர்க்கும் முதல் வழி டயரின் காற்றைக் குறைப்பது. சாலையில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் இருக்கும் அழுத்தத்தை 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்தால் டயர் நீண்டு பரந்து மணலின் மேல் மிதக்கும். அதற்கும் கீழே குறைத்தால் திருப்பத்தில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும். சக்கரம் சுழன்றும் ஊர்தி நகரவில்லையெனில் வேகமுடுக்கியை மேலும் அழுத்துவது குழியைத்தான் ஆழமாக்கும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னுள்ள மணலை அகற்றிப் பலகையோ பனைமட்டையோ இடலாம். மட்டையின் இருபுறமும் உள்ள கருக்கைச் சீவிவிட்டே இட வேண்டும். அது டயரின் பக்கச்சுவரையும் கையையும் ஒருசேரக் கிழிக்கும்.

தேரிப் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். காகித வடிகட்டியை நீரில் கழுவலாகாது, மாற்றுவதே முறை. உடைமரம், சீமைக்கருவேலம் ஆகியவற்றின் முட்கள் டயரைத் துளைப்பது இங்கு அன்றாட நிகழ்வு.

வெள்ளமும் நீர்ப்பாதையும்

2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணிக் கரையூர்கள் நீரில் மூழ்கின. இருப்புப்பாதை அரிக்கப்பட்டதால் செந்தூர் விரைவுவண்டியின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கினர். இத்தகைய வேளைகளில் உயரமான ஊர்தி ஊருக்கே பயன்படும் என்பது உண்மையே; ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. 2020 தார் ஊர்திக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர், அதாவது முழங்காலுக்குச் சற்று மேல். அதுவும் ஓட்டமில்லாத நீருக்கே பொருந்தும்; ஓடும் வெள்ளம் அதனினும் குறைந்த ஆழத்திலேயே ஊர்தியை நகர்த்திவிடும்.

நீரில் மூழ்கிய ஊர்தியை இயக்கிப் பார்க்கக்கூடாது. உருளைக்குள் நீர் இருந்தால் அது அழுந்தாததால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பை நீக்கி, இழுத்துச் சென்று, ஊசிகளையோ தீப்பொறிச் செருகிகளையோ கழற்றி நீரை வெளியேற்றிய பின்பே பொறியைச் சுழற்ற வேண்டும். மூழ்கியபின் இயக்கியதால் நேரும் பொறிச்சேதத்தை வழக்கமான விரிவான காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. பொறிப் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன் சரிபார்த்துக்கொள்வது நன்று.

சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பான்கள் வழியே நீரை உறிஞ்சும். இதைத் தவிர்க்க அச்சின் மூச்சுக்குழாயைப் பொறி அறையின் மேற்பகுதிவரை நீட்டிக்கலாம். மலிவான இவ்வேலைக்குக் கிடைக்கும் கவனம், கண்ணைக் கவரும் ஸ்நார்கலுக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஸ்நார்கல் பொறியின் காற்றுவாயை மட்டுமே உயர்த்தும். அச்சையோ மின்னிணைப்பையோ காக்காது.

துணைக்கருவிகள்

முதலில் வாங்கத்தக்கவை 12 வோல்ட் காற்றடிப்பான், அழுத்தமானி, பஞ்சர் அடைக்கும் ரப்பர் திரியும் துளைக்கோலும், மண்வெட்டி, இழுவை வார், ஷேக்கிள் ஆகியவை. ஜாக்கி மணலில் இறங்காமலிருக்க ஒரு சதுர அடி கனமான பலகை வேண்டும். இழுவை வாரைச் சட்டகத்தில் பொருத்தப்பட்ட கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுவண்டிக் குமிழில் மாட்டினால் அது பிய்ந்து குண்டுபோல் பாயும். வின்ச் விலையுயர்ந்தது, முன் அச்சுக்குச் சுமை கூட்டுவது. தனியே நெடுந்தொலைவு காட்டுக்குள் செல்வோர்க்கன்றித் தேவையில்லை.

முன்புறத்தில் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புக்கம்பிகளை 2017 டிசம்பரில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு முரணானவை எனச் சுட்டி, நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பாதசாரிகளுக்கு இவை ஆபத்தானவை. மோதலின் விசையைச் சட்டகத்திற்கு நேரே கடத்துவதால் காற்றுப்பை விரியும் நேரமும் பாதிக்கப்படலாம். பதிவுச்சான்றில் உள்ள அடிப்படை விவரங்களை மாற்றும் வகையில் ஊர்தியின் கட்டமைப்பைத் திருத்த இயலாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே அளவில் பெரிய டயர், உயர்த்திய சுருள்வில் போன்ற மாற்றங்களைச் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிவது தேவை.