சுண்ணம் தந்த ஆங்கில வினை

ஒரு பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உள. அவற்றுள் 'பாலிஷ்' என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாகரிகமுடைமையைக் குறிக்கும் 'பொலைட்' என்னும் சொல்லும் அதே வேரிற் கிளைத்தது. 'பர்னிஷ்' என்பது பழுப்பு நிறத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடையது. இவையெல்லாம் ஐரோப்பிய மண்ணில் விளைந்தவை. ஆயின், இதே பொருட்பரப்பில் ஆங்கிலத்தில் வழங்கிய வினை ஒன்று நம் தென்னகத்துக் கொத்தனாரின் கையிலிருந்து சென்றது என்பதைப் பலர் அறியார். அதுவே 'சுனாம்'. நம் சுண்ணாம்பின் ஆங்கில வடிவம் அது.

யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் 1886இல் வெளிவந்தது. யூல் வங்காளப் பொறியாளர் படையிற் பணிபுரிந்தவர். பர்னல் சென்னை மாகாணத்து ஆட்சிப்பணியாளர்; தஞ்சையில் நீதிபதியாய் இருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். நூல் வெளிவருமுன்னரே 1882இல் அவர் மறைந்தார். இந்நூல் 'சுனாம்' என்பதற்கு இரண்டு பதிவுகள் தருகிறது. ஒன்று பெயர்ச்சொல்: பக்குவப்படுத்திய சுண்ணாம்பு, சிறப்பாக மெருகேற்றிய நுண்ணிய பூச்சு. மற்றொன்று வினைச்சொல்: சுண்ணாம்புக் காரையிற் பதித்தல், பெரும்பாலும் சுண்ணாம்பு பூசுதல்.

பெயர்ச்சொல்லுக்கு அந்நூல் காட்டும் பழைய சான்று கட்டடக்கலையைச் சார்ந்ததன்று. வெற்றிலைப் பெட்டியைச் சார்ந்தது. இத்தாலியப் பயணியாகிய வார்தெமா 1510இல் வெளியிட்ட பயணநூலில், மேற்குக் கரையில் வெற்றிலையோடு சேர்த்துத் தின்னும் சிப்பிச் சுண்ணாம்பைக் குறிப்பிட்டு, அதன் நாட்டுப் பெயரையும் தம் மொழி எழுத்தில் எழுதிவைத்தார். ஐரோப்பியர் இச்சொல்லை முதலில் நாவில் அறிந்தனர். பின்னரே சுவரில் கண்டனர் எனலாம்.

வினைச்சொல்லின் சான்றோ நம் சென்னைக்கு உரியது. 1687ஆம் ஆண்டைச் சார்ந்த ஆவணம் ஒன்றில், பெரிய சாடிகளைத் தேடிக் கோதுமையை நிரப்பி, அவற்றைச் சுண்ணம் பூசி அடைத்து, கோட்டை மதிலைச் சுற்றி வைக்குமாறு சொல்லப்படுகிறது. அங்கே 'சுண்ணம் பூசி' என்னுமிடத்தில் ஆங்கிலேயர் தம் மொழியின் பூச்சுச் சொற்களை நாடவில்லை; நம் பெயர்ச்சொல்லையே வினையாக்கி எழுதினர். கோட்டை தோன்றி ஐம்பது ஆண்டுகூட நிறைவுறாத காலத்தில் இச்சொல் அவர்களுடைய அலுவல் நடையிற் கலந்துவிட்டது.

வேற்றுமொழியார் ஒரு சொல்லைக் கடன்கொள்வது பெரும்பாலும் அதற்கு ஈடான பொருள் தம்மிடம் இல்லாதபோதுதான். சுண்ணாம்பு ஐரோப்பாவிலும் உண்டு; உரோமானியர் அதனைக் கொண்டே பெரும் மாளிகைகள் எழுப்பினர். ஆனால் சென்னையில் அவர்கள் கண்டது வேறு. சுவர் வெண்பளிங்கு போல் ஒளிர்ந்தது, தொட்டால் குளிர்ந்தது. சலவைக்கல் அரிதாகிய இக்கடற்கரையில், சலவைக்கல்லோ என மயங்கச் செய்யும் பூச்சு அது. புதுமையான அந்தப் பொருளோடு அதன் பெயரும் சென்றது.

அப்பூச்சின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். கடற்கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுடுவர். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் அதிலுள்ள கரிவளி நீங்கி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதனை நீர்விட்டு நீற்றி, பல நாள் ஊறவிட்டு, மணலோடு செக்கில் அரைப்பர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதனுடன் சேர்ப்பதுண்டு. முதற்பூச்சு முரடாகவும், அடுத்தது நுண்ணியதாகவும் அமையும். கடைசிப் பூச்சுக்கு மணல் இல்லை. வெண்ணெய் போல் அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு முதலியன கலக்கப்படும். அது உலருமுன் வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்காகத் தேய்ப்பர். பூச்சிலிருந்து கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பர். பின்னர்ச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை மீண்டும் உட்கொண்டு கல்லாகிவிடும். கல்லாயிருந்ததைச் சுட்டுப் பொடியாக்கி, பூசித் தேய்த்து, மறுபடி கல்லாக்கும் வித்தை இது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் நூறாண்டு கடந்தும் முகம் காட்டுவது இதனாலேதான்.

இனி நம் மொழியில் இச்சொல்லின் வரலாற்றைக் காண்போம். பொடியைக் குறிக்கும் வடசொல் 'சூர்ணம்' என்பதோடு சுண்ணம் தொடர்புடையது என்பர். திராவிடச் சொல் வடமொழியினின்று பிறந்ததுதானா என்பதில் ஹாப்சன்-ஜாப்சன் ஆசிரியர்களே உறுதி கூறவில்லை. பழந்தமிழில் சுண்ணம் என்பது நறுமணப் பொடி. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணமே சிறந்ததென வாதிட, சீவகன் இரண்டையும் வானில் தூவி, வண்டுகள் எதனை நாடுகின்றன என்று பார்த்துத் தீர்ப்புக் கூறுகிறான். மணிவாசகர் மகளிர் பொடி இடிக்கும் பாட்டாகத் திருப்பொற்சுண்ணம் பாடினார். மேனியில் பூசிய பொடிக்கும் சுவரில் பூசிய பொடிக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்தது எண்ணி மகிழத்தக்கது. வீட்டுக்குச் செய்த ஒப்பனையும் ஒப்பனையே அன்றோ!

ஆயின், சுண்ணாம்பு தமிழில் வினையாகவில்லை. அதற்குரிய வினைகள் தனியே இருந்தன. பூசுதல் பொதுச்சொல். மெழுகுதல் சாணத்தால் தரையை மென்மையாக்குவது. துலக்குதல் பாத்திரத்துக்கும், இழைத்தல் மரத்துக்கும், சாணை பிடித்தல் கத்திக்கும், பட்டை தீட்டுதல் மணிக்கும் உரியன. சுதைச் சுவரைத் தேய்த்து மெருகிடுவதற்குத் 'தீற்றுதல்' என்றொரு சொல் இருந்தது. பொருளுக்கேற்ப வினையை வேறுபடுத்திய மொழி இது. இன்று இவையனைத்தும் 'பாலிஷ் போடுதல்' என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்கி வருகின்றன. மரத்துக்கும் பாலிஷ், தரைக்கும் பாலிஷ், நகைக்கும் பாலிஷ், அரிசிக்கும் பாலிஷ். நம் பெயர்ச்சொல்லை ஆங்கிலேயர் வினையாக்கிக் கொண்டனர். நாமோ அவர்களுடைய வினையைப் பெயராக்கிக் கொண்டு, நம் வினைகளைக் கைவிட்டோம்.

சொல் மறைவது தொழில் மறைவதன் நிழல். 1824இல் இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் 'போர்ட்லண்ட்' சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். இந்தியாவில் அதனைச் செய்யும் முதல் முயற்சி 1904இல் நம் சென்னையில்தான் நடந்தது. அதற்கும் மூலப்பொருள் கடற்கிளிஞ்சலே என்பது வியப்பு. அம்முயற்சி நிலைக்கவில்லை; 1914இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே நிலைத்தது. விரைவில் இறுகும் சிமெண்டு வந்தபின், நாட்கணக்கில் ஊறவைத்து மணிக்கணக்கில் தேய்க்கும் பொறுமைக்கு மதிப்பில்லாமற் போயிற்று. காளவாய்கள் அணைந்தன, சுண்ணாம்புச் செக்குகளின் வட்டப் பள்ளங்களிற் புல் முளைத்தது.

இச்சொல் இன்றும் உயிரோடு உலவும் இடம் ஒன்றுண்டு. அது தொலைவிலுள்ள ஹாங்காங். ஆங்கிலேயர் வழியாக அங்குச் சென்ற 'சுனாம்', மலைச்சரிவுகளின்மேல் மழைநீர் புகாதபடி பூசும் மண், சுண்ணாம்பு, சிமெண்டுக் கலவைக்குப் பெயராயிற்று. 1972ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அந்நகரில் நேர்ந்த பெருஞ்சரிவுகளும், 1976இல் நேர்ந்த மற்றொன்றும் பலரைப் பலிகொண்டன. 1977இல் சரிவுகளைக் கண்காணிக்க அரசு தனி அலுவலகம் நிறுவியது. அதன் பொறியாளர்களின் குறிப்புகளில் நம் சுண்ணாம்பு தொழிற்சொல்லாய் இடம்பெறுகிறது. அரண்மனைத் தூணுக்கு அழகு தந்த சொல், அங்கே குன்றின் அடியில் வாழும் ஏழை மக்களின் உயிர்க்காப்பைப் பற்றிய சொல்லாயிற்று.

மென்மையாக்குதல் எப்போதும் நன்மையே என்று கொள்ளுதற்கும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியிற் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலே பூசிய சுண்ணம் ஓவியத்தை மறைத்தது. அதே சுண்ணம் அதனைக் காத்தும் வைத்தது. இதற்கு மாறாக, பிற்காலத்தில் திருப்பணி என்னும் பெயரால் கோயிற் சுவர்களைத் தூய்மை செய்ய மணல்வீச்சு முறையைக் கையாண்டபோது, கல் பளிச்சென்று ஆயிற்று. எழுத்து மழுங்கிப் போயிற்று. சுண்ணாம்பு மறைத்ததை மீட்கலாம். மணல் தேய்த்ததை எவராலும் மீட்க இயலாது.

இது நம் செய்யாற்றுக்குத் தொலைவான செய்தியன்று. ஆண்பனை பெண்பனையானதாகச் சம்பந்தர் வரலாறு கூறும் திருவோத்தூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. அருகே மாமண்டூரில் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் உள. அங்குள்ள கல்வெட்டு, 'மத்தவிலாசம்' என்னும் நாடகத்தைச் சுட்டும் அரிய சான்று. சிதைந்த அக்கல்வெட்டிலே எஞ்சிய ஒவ்வோர் எழுத்தும் விலைமதிப்பற்றது. பட்டுத்தறி முழங்கும் ஆரணியிலும் சுற்றூர்களிலும் சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழைய வீடுகளும் மண்டபங்களும் இன்னும் சில நிற்கின்றன. அவற்றின்மேல் சிமெண்டைப் பூசினால் சுவர் மூச்சு விட வழியின்றி உள்ளே ஈரம் தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. பழுது பார்ப்பதாக எண்ணிப் பழுது செய்துவிடுகிறோம்.

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தார்முன் ஒரு பணியை வைக்க விழைகிறேன். இலக்கியச் சொற்களுக்கு உரைகாரர் பலர் உளர். தொழிற்சொற்களுக்கு உரைகாரர் தொழிலாளரே. காளவாய் சுட்டவர், செக்கில் காரை அரைத்தவர், கூழாங்கல்லால் சுவர் தீற்றியவர் ஆகியோருள் முதியோர் சிலரேனும் நம் வட்டாரத்தில் இருத்தல் கூடும். அவர்களிடம் சென்று, எந்தப் பக்குவத்துக்கு என்ன பெயர், எந்தக் கருவியை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்டு எழுதி வைப்போமாக. 1886இல் அயல்நாட்டார் இருவர் நம் சொல்லொன்றுக்கு இரண்டு பதிவுகள் தந்தனர். அச்சொல்லைச் சூழ்ந்து நின்ற மற்றச் சொற்களைப் பதிவு செய்யும் கடமை நமக்கே உரியது.