கட்டம் போட்ட கால்சட்டையும் கறுப்புக் கால்சட்டையும்

ஆஸ்திரேலியாவில் வேலைச் செலவுக்கு எழுத்துச் சான்று கேட்கும் விதிகள் பால் கீட்டிங் நிதியமைச்சராக இருந்தபோது, 1986-இல் வந்தன. சம்பளக்காரர்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து மனம்போன தொகையைக் கழித்துக்கொள்வதைத் தடுப்பது நியாயமே. சிறு செலவுக்கு விலக்கும் உண்டு. சலவைக் கழிவு 150 டாலருக்குள் இருந்தால் ரசீது வேண்டாம்; வேலைத் துணியை மட்டும் துவைத்தால் ஒரு தடவைக்கு 1 டாலர், வீட்டுத் துணியும் சேர்ந்தால் 50 சென்ட் என்று கணக்கிடலாம். ஆனால் எந்தத் துணி என்பதில்தான் அநீதி. சமையல்காரரின் கட்டம் போட்ட கால்சட்டை தொழிலுக்கே உரியது என்பதால் கழிவு உண்டு. பரிமாறுபவரின் கறுப்புக் கால்சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும், முதலாளியே கட்டாயப்படுத்தினாலும், இல்லை.

அவற்றை வெளியிலும் உடுத்தலாமே என்பது வரித்துறையின் வாதம். உடுத்தலாம்தான். ஆனால் எண்ணெயும் குழம்பும் தெறித்த சட்டையை யார் விருந்துக்குப் போட்டுப் போவார்? வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முழுவதையும் வருமானமாகக் காட்டச் சொல்லும் அரசு, அதை ஈட்ட வாங்கிய சட்டையைச் சொந்தச் செலவு என்கிறது. சட்டத்தைத் தளர்த்தினால் எல்லோரும் அலமாரியையே கணக்கில் காட்டுவார்கள் என்ற அச்சத்துக்கும் வழி இருக்கிறது: முதலாளி எழுத்தில் கட்டாயமாக்கிய உடைக்கு மட்டும், சிறு உச்சவரம்போடு கழிவு தரலாம். அதைத் தராமலிருப்பது பரிமாறுபவருக்குச் செய்யும் அநியாயம்.