விலைபோகாத பெட்டி

ஹவுஸ் இசையில் எதிலிருந்து தொடங்கலாம்னு கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மிஸ்டர் ஃபிங்கர்ஸின் 'கேன் யூ ஃபீல் இட்' (1986, சிகாகோ). ராத்திரி நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டும்போது கேளுங்க, போதும்.

அடுத்தது ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' (1987). இதற்கு ஒரு பின்கதை உண்டு. பாஸ் கித்தார்காரர் இல்லாத குறையைத் தீர்க்க ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்றொரு சின்னப் பெட்டி செய்தது. கித்தார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பெட்டி மலிவாகச் சிகாகோ கறுப்பின இளைஞர்கள் கைக்கு வந்தது. மெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஃபில்டர் குமிழ்களைத் திருகினாங்க. ஒலி குழைந்தது, கிறீச்சிட்டது. பன்னிரண்டு நிமிடமும் அந்தத் திருகல்தான்!

மூன்றாவது, சரண்ஜித் சிங். பம்பாய்த் திரையிசைக் கலைஞர். 1982-இலேயே அதே 303-ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். முதலில் பைரவ் கேளுங்க, நம்ம மாயாமாளவகௌளையின் சுரங்கள்தான். 303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகத்துக்கு அது அப்படிப் பொருந்துகிறது.

இசைத்தட்டு விற்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்ததும், ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே இந்தியர்தான் என்று நம்மாட்கள் கிளம்பிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. சிகாகோ பசங்க அவரைக் கேட்டுத் தொடங்கவில்லை. அவங்க உழைப்பை நாம் ஏன் பிடுங்கணும்? சிங் தேடியது ராகத்தை. அதுக்கான பெட்டியை அவர் வாங்கியது நம்ம பக்கத்துல, சிங்கப்பூரில்.