வீட்டு விதிகள் (குடும்பச் சீட்டாட்டம்)

வீட்டு விதிகள் என்பவை, ஒரு சீட்டாட்டத்தின் பொது விதிகளை மாற்றியோ கூட்டியோ ஒரு குடும்பம் தனக்கென வைத்துக்கொள்ளும் விதிகள். சிலாங்கூர் மாநிலம் சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றை ஒட்டியுள்ள டெங்கில் முதல் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வரை, தீபாவளி இரவிலும் சீனப் பெருநாள் விடுமுறையிலும் தமிழ்க் குடும்பங்கள் சீட்டுக் கட்டைப் பிரிக்கும்போது இவை இல்லாமல் ஆட்டம் தொடங்குவது அரிது.

சீட்டாட்டத்துக்கு எழுதிவைத்த சட்டம் வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் எட்மண்ட் ஹோய்ல். 1742இல் இலண்டனில் விஸ்ட் ஆட்டத்துக்கு அவர் எழுதிய சிறு நூல் அவ்வளவு செல்வாக்குப் பெற்றது. ஆனால் ஹோய்ல் எழுதியது பந்தயம் கட்டி ஆடும் கனவான்களுக்கு. ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் எதிரெதிரே உட்காரும் ஆட்டம் அவர் கணக்கில் இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதே வீட்டு விதியின் வேலை.

டெங்கிலின் சூழல்

1990களில் புத்ராஜெயா நகரை எழுப்புவதற்காகப் பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பலர் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறினர். லயத்து வாசலில் பாய் விரித்து ஆடிய ஆட்டம் அடுக்குமாடிக் கூடத்துக்குள் வந்தால் அதற்கேற்ற விதிகளும் தேவைப்படும். சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் இரவு வேலை முடிந்து வருபவரை நடுவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நால்வர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டத்தைவிட எத்தனை பேர் வந்தாலும் இடம் தரும் ஆட்டம் இங்கே செல்லுபடியாவதற்குக் காரணம் இதுதான்.

பான் லக்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் பெருநாளோடு ஒட்டி வளர்ந்த ‘இருபத்தொண்ணு’ இது. இன்று எல்லா இனத்தவர் வீட்டிலும் உண்டு. இதற்குப் பொதுவான விதிநூல் என்று ஒன்று நிலைபெறவில்லை. ஆட்டமே முழுக்க வீட்டு விதிகளால் கட்டப்பட்டது எனலாம். ஒருவர் பேங்கர், மற்றவர்கள் ஒவ்வொருவரும் அவரோடு மட்டும் மோதுகிறார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும். 16க்குக் குறைந்தவர் இன்னொரு சீட்டு எடுத்தே தீர வேண்டும்.

ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்தால் பான் லக். பெரும்பாலான வீடுகளில் இரட்டிப்புப் பணம். இரண்டு ஏஸ் வந்தால் பான் பான், மூன்று மடங்கு. ஐந்து சீட்டு எடுத்தும் 21ஐத் தாண்டாதவருக்கும் இரட்டிப்பு உண்டு. ஐந்தாவது சீட்டில் தாண்டிவிட்டால் அவரே இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று சில வீடுகள் வைத்திருப்பது நியாயமே. ஏஸின் மதிப்பும் கையில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையோடு மாறும்: இரண்டு சீட்டில் 11, 10, 1 என எதுவாகவும் கொள்ளலாம்; மூன்று சீட்டில் 10 அல்லது 1; அதற்கு மேல் வெறும் 1. புதிதாக வரும் மருமகன் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதல் இரண்டு சீட்டில் சரியாக 15 வந்தவர் சீட்டைக் காட்டி ‘ஓடிவிடலாம்’ என்பது இந்த ஆட்டத்தின் மிக அழகான வீட்டு விதி. மேலும் எடுத்தால் தாண்டும் ஆபத்து அதிகம். எடுக்காமல் நிற்கவும் அனுமதி இல்லை. அப்படிப்பட்டவரை இந்த விதி இழப்பில்லாமல் வெளியே விடுகிறது.

மூன்று ஏழு சேர்ந்தால் ஏழு மடங்கு, சில வீடுகளில் 21 மடங்கு என்பார்கள். கணக்குப் பார்த்தால் கட்டிலிருந்து எடுக்கும் முதல் மூன்று சீட்டும் ஏழாக வரும் வாய்ப்பு 5,525இல் ஒன்று. பான் பான் 221இல் ஒன்று. பான் லக் ஏறத்தாழ 21இல் ஒன்று. ஆகவே மூன்று ஏழுக்கான பரிசு வாய்ப்புக்கு ஈடாகாது. பத்தாண்டுக்கு ஒரு முறை வந்தாலும் மாமா அதை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார் என்பதே அதன் உண்மையான மதிப்பு.

பேங்கர் பதவியை ஒருவரே இரவு முழுக்க வைத்திருந்தால் ஆட்டம் கசந்துவிடும். சுற்றுக் கணக்கு வைத்து மாற்றிக்கொள்ளும் வீடுகளில் சண்டை குறைவு.

முந்நூற்று நாலு

இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் குடியேறினர். அவர்களின் ‘கடுதாசி விளையாட்டு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது முந்நூற்று நாலு. 32 சீட்டு, நால்வர், எதிரெதிரே உட்காருபவர் கூட்டாளிகள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கும் 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறும் ‘கேள்வி’ தொடங்கும். கேட்டு வென்றவர், மற்ற இனங்களை வெல்லும் துரும்பு இனத்தைக் குறிக்கும் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்.

முதல் நான்கில் புள்ளியே இல்லாதவர் மறுபடி போடச் சொல்லலாமா, கூட்டாளியின் கேள்விக்கு மேல் கேட்கலாமா என்பவை வீட்டுக்கு வீடு மாறும். கண் சாடையும் தொண்டைச் செருமலும் தடை என்பது மட்டும் எல்லா வீட்டிலும் உள்ள விதி. எந்த வீட்டிலும் அது முழுதாகக் காக்கப்படுவதில்லை. இதன் உறவான இருபத்தெட்டு கேரளத்தில் பெயர்பெற்றது. அங்கே வெற்றி தோல்விக் கணக்குக்கு வைத்திருக்கும் காய்களையெல்லாம் தோற்றவர் அவற்றை மீட்கும் வரை காதில் ‘குணுக்கு’ மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். காசு தொடாமல் தோல்வியைச் சிரிப்பாக்கும் தண்டனை என்பதால் இதை மற்ற ஆட்டங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

கழுதை, ஊனோ

சிறுவர்களுக்கு ஏற்றது கழுதை. ஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் தொடங்க, மற்றவர்கள் அதே இனத்தில் போட வேண்டும். இனம் இல்லாதவர் வேறு இனத்தால் ‘வெட்டினால்’, அந்தச் சுற்றில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. முதல் சுற்று வெட்டுக்குத் தண்டனை இல்லை என்ற சலுகை பரவலானது. கழுதையானவர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துத் தர வேண்டும் என்பதோடு நிறுத்துவது நல்லது. அழும் குழந்தைக்கு மேலும் பட்டப்பெயர் சூட்டத் தேவையில்லை.

ஊனோ 1971இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கியது. 1992 முதல் மேட்டல் நிறுவனத்திடம் உள்ளது. அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்கவைக்கும் ‘கூட்டல் இரண்டு’ சீட்டின் மேல் இன்னொரு கூட்டல் இரண்டை அடுக்கிக் கடைசி ஆளுக்கு மொத்தத்தையும் தள்ளுவது உலகெங்கும் உள்ள வீட்டு விதி. 2019இல் அந்த நிறுவனமே இது விதியல்ல என்று அறிவித்தும் வீடுகள் கேட்கவில்லை. ஆனால் கூட்டல் நான்கைத் தட்டிக்கேட்கும் உரிமை அதிகாரபூர்வ விதியிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. பொருந்தும் நிறம் கையில் இருந்தும் போட்டவர் பிடிபட்டால் அவரே நான்கு எடுக்க வேண்டும். கேட்டவர் தோற்றால் ஆறு. புதிய விதி தேடுமுன் இதை ஆடிப் பார்க்கலாம்.

விதிகளை வைக்கும் முறை

சீட்டுப் போடுமுன் சொல்லப்படாத விதி அந்த ஆட்டத்துக்குச் செல்லாது என்பது முதல் விதி. நடுவில் தகராறு வந்தால் அன்றைக்கு வீட்டுக்காரர் சொல்வதே முடிவு. கிள்ளானிலிருந்து வந்த பெரியப்பா தம் வீட்டு வழக்கத்தைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தாமதமாக வருபவர், அதுவரை மிகக் குறைவாக உள்ளவரின் புள்ளியோடு சேரலாம்.

காசு பற்றி: மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டக்கூடச் சட்டம் சூதாட்டக் கூடம் நடத்துவதையும் அங்கே ஆடுவதையும் குற்றமாக்குகிறது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆடுவதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 10 காசு, 20 காசு என்று தொடங்கும் பந்தயம் நள்ளிரவில் பத்து வெள்ளியில் நிற்பதைப் பல வீடுகள் கண்டிருக்கின்றன. சிறுவர் உட்காரும் ஆட்டத்தில் காசை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டையை வையுங்கள்.