வியாழனைப் பிடிக்க என்ன விலை?

ஆம்பூர் என்றால் பிரியாணி. வாணியம்பாடி என்றால் தோல். சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களில் பலருக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி இவ்வளவுதான் தெரியும். நீங்களும் அப்படி என்றால், ஒருமுறை வாணியம்பாடியில் இறங்குங்கள். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறுங்கள். சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர். யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகம் கண்டுபிடித்த ராத்திரியில், தூங்காமல் விழித்திருந்த இடங்களில் அந்த மலை கிராமமும் ஒன்று.

காரணம், வைணு பாப்பு. 1960-ல் கொடைக்கானல் வானியல் ஆய்வகத்தின் டைரக்டர் ஆனவர். சூரியனை ஆராயக் கொடைக்கானல் போதும். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடினார். அகப்பட்டது காவலூர். 1968-ல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று வேலையை ஆரம்பித்தது. 1972-ல் கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

வந்த வருஷமே வேட்டை. 1972 ஜூன் 7. வியாழனின் நிலவான கானிமீடு, தூரத்து நட்சத்திரம் ஒன்றை மறைத்துக்கொண்டு போனது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பார்த்தார்கள். கானிமீடைச் சுற்றிக் காற்று மண்டலம் இருக்கிறது என்று அதை வைத்துச் சொன்னார்கள். (அவர்கள் நினைத்ததைவிட அது மிக மிக மெல்லியது என்பது பிற்பாடு தெரிந்தது.)

அடுத்து 1977 மார்ச் 10 இரவு. இந்தத் தடவை யுரேனஸின் முறை. நட்சத்திரத்தை அது நெருங்குவதற்கு முன்பே, நட்சத்திர வெளிச்சம் சட்டென்று ஒரு மங்கு மங்கி மறுபடி ஒளிர்ந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களும் அதைப் பார்த்தார்கள். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். எல்லோருடைய கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வளையங்கள்!

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு சாதனைகளிலும் அழகான போட்டோ கிடையாது. விநாடிக்கு விநாடி மாறும் வெளிச்சத்தை விடாமல் பதிவு செய்தார்கள். அவ்வளவுதான். கிரக வேட்டையில் ஜெயித்தது வேகம்.

இப்போது உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருவோம். மகனுக்கோ மகளுக்கோ 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். வியாழனைக் கண்ணால் பார்த்தாயிற்று. அடுத்த கோரிக்கை: ‘அப்பா, போட்டோ எடுக்கணும்.’ கடைக்காரர் பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவைக் காட்டுகிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

வாங்காதீர்கள். பி.காம். படித்தவனின் கணக்கு இது, கேளுங்கள்.

1,200 மில்லிமீட்டர் குவிய தூரம் உள்ள தொலைநோக்கியில் வியாழனின் பிம்பம் எவ்வளவு பெரிசு தெரியுமா? சுமார் கால் மில்லிமீட்டர். பார்லோ என்ற துணை லென்ஸ் போட்டு இரட்டிப்பாக்கினாலும் அரை மில்லிமீட்டர். டி.எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் சென்சாரின் அகலமோ 22 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு கட்டில் போட ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பீர்களா?

அடுத்த வில்லன், காற்று. மே மாத மத்தியானம் வேலூர் ரோட்டில் தூரத்து லாரி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கிக்குள் வியாழனும் அப்படித்தான் நெளியும். நடுநடுவே விநாடியின் சிறு பகுதிக்குக் காற்று அசையாமல் நிற்கும். அந்த நொடியில் எடுத்த படம்தான் படம். ஆனால், அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால், நிறுத்தாமல் எடுத்துத் தள்ள வேண்டும்.

இந்த ரகசியம் புதுசு இல்லை. 1905-ல் அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்தில் லாம்ப்லாண்ட், செவ்வாயைச் சின்னச் சின்னதாக ஒரே பிளேட்டில் பல தடவை எடுத்தார். ஏதாவது ஒன்று தேறும் என்ற நம்பிக்கை! நூறு வருஷம் கழித்து இதை ஏழைக்கும் எட்டவைத்தது வெப்கேம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வந்த பிலிப்ஸ் டூயூகேம் ப்ரோ, வெறும் 640-க்கு 480 புள்ளிகள். அதன் லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொலைநோக்கியில் செருகினார்கள் அமெச்சூர்கள். 2003-ல் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தபோது, அவர்கள் எடுத்த படங்கள் பழைய பெரிய ஆய்வகப் படங்களையே வெட்கப்பட வைத்தன.

செய்முறை? தோல் மண்டியில் ரகம் பிரிப்பது போலத்தான். இரண்டு நிமிஷம் வீடியோ. விநாடிக்கு 60 படம் என்றால் 7,200 படங்கள். இலவச சாஃப்ட்வேர் ஒவ்வொன்றையும் பார்த்து, தெளிவான 700-ஐ மட்டும் பொறுக்கும். மிச்சத்தைத் தள்ளிவிடும். பொறுக்கியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வியாழனின் பட்டைகள் பளிச்சென்று மேலே வரும். ரொம்ப நேரம் எடுக்கவும் கூடாது. பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும் கிரகம் அது. உருவம் நகர்ந்துவிடும்.

ஆகவே, கடையில் கேட்க வேண்டியது ‘எத்தனை மெகாபிக்சல்?’ அல்ல. விநாடிக்கு எத்தனை படம்? யு.எஸ்.பி. 3 இணைப்பு உண்டா? கிரகம் இருக்கும் சின்னப் பகுதியை மட்டும் பதிவு செய்ய முடியுமா? ஒன்றேகால் அங்குலக் குழாயில் பொருந்துமா? ஆரம்பிக்கிறவருக்கு கலர் கேமராவே சௌகரியம். இத்தனையும் உள்ள சின்ன கிரகக் கேமரா, நல்ல டி.எஸ்.எல்.ஆர். விலையில் ஒரு பகுதிதான். அதற்கும் முன்னால், கையில் இருக்கும் செல்போனைக் கண்வில்லையில் மாட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். செலவு, ஒரு பிளாஸ்டிக் பிடி.

ஊர் வெளிச்சம்? மங்கலான நட்சத்திரத்துக்குத்தான் அது எதிரி. வியாழனும் சனியும் ஆம்பூர் பஜார் விளக்கைப் பொருட்படுத்தாது. சொல்லப்போனால், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். டேமியன் பீச் என்ற பிரிட்டிஷ் கிரகப் புகைப்படக்காரர், தன் ஊரில் கிரகங்கள் தாழ்வாகத் தெரிகின்றன என்று கடல் தாண்டி பார்படோஸ் தீவுக்குப் போய் எடுத்தார். அந்தத் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. வேலூரும் ஏறக்குறைய அதேதான்! அவர் விமானம் ஏறித் தேடிப்போன உச்சி வானம், உங்களுக்கு மாடிப்படி ஏறினால் கிடைக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு, அந்த மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி அந்தச் சூட்டைக் கக்கும், படம் நெளியும். மண் தரை இருந்தால் அங்கே வையுங்கள். இல்லையென்றால், நள்ளிரவு தாண்டும்வரை பொறுங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பார்லோ லென்ஸ் ஒன்று வாங்கலாம். மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காவலூர் மலைக்கும் போய் வரலாம். வழியில் ஆம்பூரில் பிரியாணி... அது உங்கள் இஷ்டம்.